ஒரு கை அதிகம்

கல்யாணப் படங்களை நாலு பேருக்கு அனுப்புவது முன்பெல்லாம் ஒரு வேலையே இல்லை. கட்டைவிரல் இருந்தால் போதும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது அதற்கென்று நிறுவனம் இருக்கிறது, நிறுவனத்துக்குள் பிரிவுகள் இருக்கின்றன, பிரிவுகளுக்குள் கண்ணாடி அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணாடி அறையிலும், உங்கள் குடும்பத்தில் யார் யார் இருக்கலாம் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த விஷயம் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகளை ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லியிருப்பார்.

மெக்கானிக்குக்கு வேறு பெயர் வழக்கத்தில் இல்லை. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பழுதான லிஃப்ட்டுகளுக்குள் தலையை நுழைத்து நுழைத்தே முடியை இழந்தவர். எப்போதோ ஒரு கதவு கடித்ததில் வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், பிறகு வெளுக்கவே இல்லை. தொழிலால் வந்த பழக்கம் இன்னொன்றும் உண்டு. எந்தச் சட்டை தைத்தாலும் ஒரே துணியில் இரண்டாகத் தைப்பார். ஒன்று எண்ணெயில் போய்விடும், இன்னொன்று மிஞ்சும் என்பது அவர் கணக்கு. மகள் கல்யாணத்துக்கும் நீலக் கட்டம் போட்ட சட்டை இரண்டு தைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பொண்ணு கல்யாணத்தன்னைக்குமா மெக்கானிக், எண்ணெயில விழப்போறீங்க?" என்றாள் மனைவி.

"மண்டபத்துல லிஃப்ட் இருக்குல்ல?" என்றார் அவர்.

அவள் இரண்டாவது சட்டையையும் மடித்துப் பையில் வைத்தாள். மண்டபத்து லிஃப்ட் என்றால் அந்த வீட்டில் அது ஆறாத புண்.

மெக்கானிக்குக்கு ஓர் அண்ணன். பஸ் டிரைவர். ஒரு வயதுதான் மூத்தவர். அதே மூக்கு, அதே வழுக்கை, அதே மீசை. பல வருஷங்களுக்கு முன் அண்ணன் மகளுடைய கல்யாணத்தில் மண்டபத்து லிஃப்ட், மாப்பிள்ளை வீட்டார் சிலரை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. "டேய், நீதான்டா காப்பாத்தணும்" என்று அண்ணன் கெஞ்ச, தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். அவர் தலை லிஃப்ட் குழிக்குள் இருந்த நேரத்தில் மேடையில் குடும்பப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு அண்ணன் வீட்டு ஹாலில் தொங்கியது. அதில் எல்லாரும் இருந்தார்கள், காப்பாற்றப்பட்டவர்கள் உட்பட. மெக்கானிக் மட்டும் இல்லை. "என்னை ஏன் கூப்பிடல?" என்று கேட்டார். "நீ லிஃப்ட்டுல இருந்தேடா" என்றார் அண்ணன். "அதைத்தான் கேக்கறேன்." பேச்சு வளர்ந்தது, பிறகு பேச்சே நின்றுபோனது. அன்றிலிருந்து மெக்கானிக் அந்த ஹாலில் கால் வைக்கவில்லை.

இப்போது தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணனை நேரில் போய் அழைத்திருந்தார், வாசலில் நின்றபடியே. அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். மற்றவர்களுக்கோ வேறு கவலை: படங்களை விருந்தாளிகளோடு பகிர எந்தச் சேவையைப் பிடிப்பது?

மகள் முதலில் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தானாகவே ஒரு வரி எழுதும். சோதித்துப் பார்க்க அம்மாவின் படத்தைப் போட்டாள். "வயதான ஆண், வெளிச்சம் போதவில்லை" என்று எழுதியது. அம்மா அந்த நிறுவனத்தை அப்போதே கைகழுவினாள். இரண்டாவது இலவசம்தான், ஆனால் படத்துக்கும் படத்துக்கும் நடுவே விவாகரத்து வக்கீல் ஒருவரின் விளம்பரம் சிரித்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, போன்லயே அனுப்பிட்டா என்ன?" என்று மெக்கானிக் கேட்டார். வேட்டை நாயைக் கறி வாங்க அனுப்பலாமா என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

முடிவு செய்தது சம்பந்திதான். "எங்க வீட்டு விசேஷம்னா 'கூடுவோம்' தாங்க. என் மேலதிகாரி பொண்ணு கல்யாணத்துக்கும் அதேதான். மத்ததுல போட்டோ வந்தா, அது வந்ததாவே கணக்கு இல்ல" என்றார். பெண் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்வார்? தலையை ஆட்டினார்.

'கூடுவோம்' நிறுவனத்திலிருந்து மகிழ்ச்சி ஆலோசகர் என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். கழுத்துப்பட்டையிலிருந்து அடையாள அட்டை தொங்கியது, முகத்திலிருந்து சிரிப்பு தொங்கியது. இரண்டையும் நிறுவனம்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"சார், முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நாங்க போட்டோ அனுப்புற கம்பெனி கிடையாது. போட்டோவை யார் வேணா அனுப்பலாம். நாங்க உங்க கல்யாணத்தைப் பாதுகாக்கிறோம்."

"யார்கிட்டேர்ந்து?" என்றார் மெக்கானிக்.

"விருந்தாளிங்க கிட்டேர்ந்து சார்."

பிறகு விளக்கினார். விருந்தாளிகள் ஆளாளுக்குப் போனில் படம் எடுக்கிறார்கள். வாய் நிறையச் சோறோடு ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு ஒருவர். வரலாற்றுக்கு இது இழுக்கு. ஆகவே வாசலிலேயே எல்லாருடைய போனையும் அழகான துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். படம் எடுப்பவர் நிறுவனத்து ஆள். அவருடைய கேமரா எடுத்ததை நேராக நிறுவனத்துக்கு அனுப்பிவிடும், எடுத்தவரே பார்க்க முடியாது. அங்கே படங்களைச் சுத்தம் செய்வார்கள். கண் மூடியிருந்தால் திறந்துவிடுவார்கள், வேண்டாதது இருந்தால் எடுத்துவிடுவார்கள். கடைசியில் விருந்தாளி தன் போனில் முகத்தைக் காட்டினால் ஆல்பம் திறக்கும்.

"முகம்தான் சாவி சார். சாவியைத் தொலைக்கிறவங்க உண்டு, முகத்தைத் தொலைச்சவங்களை நான் பார்த்ததே இல்ல."

அவர் இனிமேல்தான் பார்க்கப் போகிறார்.

"என் அண்ணனுக்குப் போய்ச் சேருமா?" என்று மட்டும் மெக்கானிக் கேட்டார்.

"சார், உலகத்துக்கே போய்ச் சேரும்" என்றார் ஆலோசகர். உலகத்தில் அண்ணன் சேர்த்தியா என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் எல்லாரும் துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்திருந்தார்கள். லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. மெக்கானிக் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். படமெடுக்கும் நேரம் நெருங்கியபோது, தூண் மறைவில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்தது. மாற்று டிரைவர் தாமதமாக வந்ததால் அண்ணன் பணிமனையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். முதுகு முழுக்க வியர்வை.

"இந்தக் கோலத்துல மேடைக்கு வரமாட்டேன். பொண்ணைப் பாத்துட்டேன், கிளம்பறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மெக்கானிக் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். பையிலிருந்து இரண்டாவது நீலச் சட்டையை எடுத்து, சின்ன வயதில் அண்ணன் தனக்குப் போட்டுவிட்டதுபோலவே பட்டனைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டார். இருவரும் மேடை ஏறியபோது மகள் கண்ணில் நீரோடு சிரித்தாள். "பாத்தீங்களா, எனக்கு ரெண்டு அப்பா!" மெக்கானிக் வலது கையை அண்ணன் தோளில் போட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு போட்டது, எடுக்க மனம் வரவில்லை. கேமரா பளிச்சென்றது.

போகும்போது அண்ணன் சொன்னார்: "இந்தப் படம் வந்ததும் எனக்குத்தான் முதல்ல வரணும். ஹால்ல இருக்கிற அந்தப் படத்தைக் கழட்டிட்டு இதை மாட்டப்போறேன். நீ வந்து ஆணி அடிச்சுக் கொடு."

மெக்கானிக் அன்றே ஆணி வாங்கி வைத்துவிட்டார்.

ஆல்பம் வந்தது. விருந்தாளிகள் முகத்தைக் காட்டினார்கள், திறந்தது. மெக்கானிக் முகத்தைக் காட்டினார், "வாருங்கள், மணமகளின் தந்தையே" என்று திறந்தது. மேடைப் படத்தைத் தேடினார். மகள் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், மனைவி, பாதி திறந்திருந்த கண் முழுதாகத் திறக்கப்பட்டு, யாரையோ முறைத்துக்கொண்டு இருந்தாள். மெக்கானிக்கும் இருந்தார். வலது கையைக் காற்றின் தோளில் போட்டுக்கொண்டு, காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் "நகல் நீக்கப்பட்டது" என்றிருந்தது.

போனைக் கீழே வைப்பதற்குள் அண்ணனிடமிருந்து அழைப்பு.

"என் மூஞ்சியைக் காட்டினா, நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்னு வருது. சரின்னு என் பொண்ணு போன்ல திறந்து பாத்தேன். எங்கடா நான்?"

"அண்ணே, அது நான் பண்ணல, கம்பெனிக்காரன்..."

"மேடைக்குக் கூட்டிட்டுப் போயி, சட்டை போட்டுவிட்டு, தோள்ல கையும் போட்டு, அப்புறம் எடுத்துட்ட. நான் அன்னிக்குக் கூப்பிட மறந்தேன். நீ கூப்பிட்டு அழிச்சிருக்க. பழி தீத்துக்கிட்டியா? சந்தோஷமா இரு."

அண்ணன் போனை வைத்துவிட்டார். மெக்கானிக் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் எடுக்கவில்லை.

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். "நீங்கள் மகிழ்ச்சியாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தால் இரண்டை அழுத்துங்கள்" என்றது குரல். மூன்றாவதாக ஏதாவது வரும் என்று காத்திருந்தார். பாட்டுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினார்.

"படத்துல என் அண்ணனைக் காணோம்மா."

"அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருந்தாருங்களா சார்?" என்றது தேன் தடவிய ஒரு குரல்.

"வந்திருந்தார். என் பக்கத்துல நின்னார்."

"எங்க பதிவுப்படி நீங்கதான் சார் ரெண்டு தடவை வந்திருக்கீங்க. அதே முகம், அதே சட்டை. ஒரு தடவையை எடுத்துட்டோம். இந்தச் சேவை இலவசம் சார்."

"அது நான் இல்லம்மா, என் அண்ணன்!"

"புகார் கொடுக்கலாம் சார். ஆனா அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்தான் கொடுக்கணும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் நீங்கன்னு பதிவாயிருக்கு. உங்களை நீக்கிட்டாங்கன்னு நீங்களே புகார் கொடுத்தா, நீங்க உள்ளே இருக்கீங்களேன்னு தள்ளுபடி ஆயிடும். வேற ஏதாவது மகிழ்ச்சி வேணுங்களா சார்?"

அடுத்த வாரம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனார். அது ஒரே தளம்தான். லிஃப்ட் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வரவேற்பறைச் சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள். எல்லாருக்கும் ஒரே அளவில், ஒரே வெண்மையில் பல் வரிசை. உள்ளே உறவுத் தூய்மைப் பிரிவின் அதிகாரி கண்ணாடி அறையில் இருந்தார். மேசையில் தூசு இல்லை, காகிதம் இல்லை, வேலையும் இருப்பதாகத் தெரியவில்லை. மெக்கானிக் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"சார், நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. அது தப்பு இல்ல, உணர்ச்சிதான் எங்க தொழிலே. ஆனா ஒரு படத்துல எவ்வளவு பேரை வைக்கிறதுன்னு ஒரு அழகு இருக்கு. உங்க படத்தைப் பாருங்க, இப்ப எவ்வளவு காத்தோட்டமா இருக்கு! கையை அப்படி வெளியில நீட்டி நிக்கிறது ஒரு தனி ஸ்டைல். இதைக் காசு கொடுத்துக் கேக்கறவங்க இருக்காங்க."

"அந்தக் காத்து இருக்கிற இடத்துலதான் சார் எங்க அண்ணன் இருந்தார்."

"அவர் உங்க அண்ணன்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் பிறந்ததுலேர்ந்து அவர் எனக்கு அண்ணன்."

"நீங்க பிறந்தப்போ எடுத்த படம் எங்ககிட்ட இருக்கா? இல்ல. எங்ககிட்ட இல்லாத படம் எடுக்காத படம் மாதிரிதான் சார்." அதிகாரி பெருமூச்சு விட்டார். சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். இருவரும் சேர்ந்து நேரில் வந்து கேமரா முன் நிற்க வேண்டும். அன்று போட்டிருந்த அதே உடையில் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆட்கள் என்று ஆகிவிடும். அன்று சிரித்த அதே சிரிப்போடும் வரவேண்டும்.

"அவர் என்கூடப் பேசறதே இல்ல சார், உங்களாலதான். சிரிப்புக்கு நான் எங்க போறது?"

"அது உங்க குடும்ப விஷயம் சார்," என்றார் அதிகாரி, சற்றுக் கடுமையாகவே. "நாங்க குடும்ப விஷயத்துல தலையிடறதே இல்ல."

மெக்கானிக்குக்கு அந்த ஆளை மேசையோடு தூக்கி வெளியே வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. அண்ணன் ஓட்டும் பஸ்ஸைப் பிடித்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் அண்ணன் முதுகிடம் சொன்னார். அண்ணன் திரும்பவே இல்லை. டிரைவர் தலைக்கு மேல் "ஓட்டுநருடன் பேசாதீர்" என்று ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகையை இவ்வளவு விசுவாசமாக மதித்த டிரைவரை அந்தப் பஸ் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். கடைசி நிறுத்தத்தில் தம்பி மட்டும் மிச்சம். எஞ்சினை அணைத்த பிறகு அண்ணன் கேட்டார்.

"என்னை எடுத்தது நீயா, அவனா?"

"அவன்தான் அண்ணே. என் பொண்ணு மேல சத்தியமா."

"நாம ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"அவன் மூஞ்சியை நான் பாக்கணும்."

"அதுக்கு நம்ம மூஞ்சியைக் காட்டணும். அதே சட்டையில."

அண்ணன் ஸ்டியரிங்கைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். "தோய்ச்சு வச்சிருக்கேன்" என்றார். "திருப்பிக் கொடுக்க வேண்டாம்னுதான் நினைச்சேன்."

ஆக, வயதான இரண்டு மனிதர்கள் ஒரே நீலக் கட்டச் சட்டையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர்கள்போல அந்த அலுவலக வாசலில் போய் நின்றார்கள். வரவேற்பறையில் கேமரா. அதன் முன்னால் இருவரையும் நிறுத்தினார்கள்.

"வணக்கம். ஒருவர் வந்திருக்கிறீர்கள்" என்றது இயந்திரம்.

"தள்ளி நில்லுங்க" என்றார் அதிகாரி. அண்ணன் அந்த மூலைக்கும் தம்பி இந்த மூலைக்கும் போனார்கள். "ஒருவர். வேகமாக நடக்கிறார்" என்றது இயந்திரம். அண்ணனை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவர். திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். ஒருவர். வரவேற்பில் இருந்த பெண் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "இருவர்" என்றது.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி வெற்றியோடு. "அதுக்கு எண்ணத் தெரியும்."

"நீங்க எண்ணுங்க சார்," என்றார் அண்ணன். "உங்களுக்குக் கண்ணு இருக்கில்ல? எத்தனை பேர் நிக்கிறோம்?"

"தனிப்பட்ட முறையில ரெண்டு பேர் சார். அதிகாரபூர்வமா ஒருத்தர்."

சத்தம் கேட்டு எல்லாவற்றிலும் பெரிய கண்ணாடி அறையிலிருந்து தலைமை அதிகாரி வந்தார். அவருடைய சிரிப்பு மற்றவர்களுடையதைவிடப் பெரிய அளவு. சகோதரர்கள் இருவரின் கையையும், அதாவது இரண்டில் ஒன்றை மட்டும், பிடித்துக் குலுக்கிவிட்டுப் பேசினார்.

"உங்களைப் பார்க்க எனக்குப் பெருமையா இருக்கு. உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், எங்க முறை இதுவரைக்கும் தப்பே பண்ணினதில்ல. அதனால இதுவும் தப்பா இருக்க முடியாது. ஒரு பேச்சுக்குத் தப்புன்னு ஒத்துக்கறோம்னு வைங்க. நாளைக்கு நாங்க எடுத்த முகமெல்லாம் எழுந்து வந்து இந்த வாசல்ல நிக்கும். அக்கா தங்கச்சி, அம்மா பொண்ணு, ஒரே மாதிரிச் சீருடை போட்டு வந்தவங்க. அத்தனை பேரை உட்கார வைக்க எங்ககிட்ட நாற்காலி கிடையாது சார். குடும்பம்னா விட்டுக்கொடுக்கறது. நாங்க விட்டுக்கொடுக்க முடியாது, ஏன்னா நாங்க குடும்பம் இல்ல, நிறுவனம். அதனால நீங்க விட்டுக்கொடுங்க. ஒரு முகம், ஒரு சாவி, ஒரு விருந்தாளி. அந்த ஒருத்தர் யாருன்னு உங்களையே முடிவு பண்ண விடறோம். இந்தச் சுதந்திரத்தை வேற எந்தக் கம்பெனியும் கொடுக்காது."

ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். "நான் விலகுகிறேன்" என்று ஒரே ஒரு பொத்தான்.

"நான் அழுத்தறேன்," என்றார் அண்ணன். "இவன் பொண்ணோட அப்பன். இவன் இல்லாம என்ன கல்யாணம்?"

"நீ சும்மா இரு அண்ணே."

"டேய், கையை எடு. எங்க வீட்டு ஹால்ல உன்னை விட்டுட்டு எல்லாரும் சிரிக்கிற படத்தை இத்தனை வருஷமா தினம் பாக்கறேன். மேடையிலேர்ந்து ஒரு குரல் கொடுத்திருந்தா நீ வந்திருப்ப. கொடுக்கல. நான் போறதுதான் நியாயம்."

"அன்னிக்கு என்னைக் கேக்காம விட்ட. இன்னிக்கு நானே கேட்டு வெளியில போறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல அண்ணே." சொல்லிக்கொண்டே மெக்கானிக் கறுத்த நகமுள்ள கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்திவிட்டார். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் கையை நுழைத்துப் பழகிய கை. அண்ணன் அதைத் தடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எங்கோ ஒரு மணி அடித்தது, இதற்கென்றே வைத்திருப்பார்கள் போலும். சுவரில் மாட்டுவதற்காகச் சகோதரர்கள் இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். அதில் அண்ணன் மட்டும்தான் வந்தார்.

அன்று மாலையே ஆல்பம் புதுப்பிக்கப்பட்டது. எல்லாப் படத்திலும் மெக்கானிக் இருந்த இடம் காலி. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த படத்தில் அவள் தனியாக நடந்தாள். அவள் போனில் அழுதாள்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? என் பிள்ளைங்க நாளைக்குத் தாத்தா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அன்னிக்கு நான் அங்க இருந்தேன்மா. அதை இவனுங்களால எடுக்க முடியாது" என்றார்.

மகள் சும்மா இருப்பவள் அல்ல. நிறுவனத்தோடு சண்டைக்குப் போனாள். வெளியேறுவதாக மிரட்டினாள். வெளியேறினால் ஆல்பம் நிரந்தர ஓய்வுக்கு அனுப்பப்படும் என்று பதில் வந்தது. அப்பா வேண்டும் என்று மன்றாடினாள். "திருமணத்துக்கு வராத உறவினர்களை நினைத்து வருந்துவது இயல்பே" என்று எழுதி, ஒரு ரோஜாப்பூ படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். சம்பந்தி வேறு கூப்பிட்டு, "மேலதிகாரி பாத்துட்டு, பொண்ணுக்கு அப்பா இல்லையான்னு விசாரிச்சார். நான் என்னத்தைச் சொல்ல?" என்று குறைபட்டுக்கொண்டார். மெக்கானிக் தன் போனில் முகத்தைக் காட்டிப் பார்த்தார். "இந்த முகத்துக்குரிய விருந்தாளி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்று வந்தது.

ஆகவே, தன் மகளின் கல்யாணப் படங்களைப் பார்க்க அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் போனார். பழைய படம் கழற்றப்பட்டிருந்தது, சுவரில் அது இருந்த சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அண்ணன் போனை நீட்டினார். மெக்கானிக் முகத்தைக் காட்டியதும் திறந்துகொண்டது. "வாருங்கள், மணமகளின் பெரியப்பாவே."

"கேட்டியா, உனக்குப் பெரியப்பாவாப் பதவி உயர்வு கொடுத்துக் கூப்பிடறான்" என்றார் அண்ணன். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு மேடைப் படத்தைத் திறந்தார்கள்.

மகள், மாப்பிள்ளை, முறைக்கும் மனைவி. நடுவே அண்ணன், நீலச் சட்டையில், கொஞ்சம் வெட்கத்தோடு. இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, வலது கையும் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது. நீலக் கட்டம் போட்ட அரைக்கை, அதிலிருந்து முழங்கை, விரல்கள். கட்டைவிரல் நகம் கறுப்பு. துணி ஒன்றாக இருந்ததால், அதுவும் அண்ணனுடைய கை என்று நினைத்து இயந்திரம் விட்டுவைத்திருந்தது.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நகம் திரை முழுக்க வந்து நின்றது.

"உன் கைடா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டார்.

உடனே ஆணியடித்து மாட்டிவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். காகிதத்தில் அச்சிட வேண்டுமென்றால் படம் மறுபடி உறவுத் தூய்மைப் பிரிவுக்குப் போகும் என்று தெரிந்ததும் அந்த ஆசையை விட்டார்கள். அண்ணி தன் போனால் அந்தப் போனைப் படம் எடுத்துப் பார்த்தாள். திரையில் பிரதிபலித்த டியூப் லைட்டும் அவள் மூக்கும்தான் அதில் விழுந்தன. கடைசியில் சுவரின் வெளுத்த சதுரத்தில் ஒரு சின்னப் பலகை அடித்து, அதன்மேல் அண்ணனின் போனையே சார்ஜரோடு நிறுத்தி வைத்தார்கள். அண்ணன் தனக்கு வேறு ஒரு பழைய போனை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்களுக்கு என்ன மூணு கை?" என்று கேட்டால், "ஒண்ணு என் தம்பி" என்கிறார்.

ஆனால் 'கூடுவோம்' தூங்குகிற நிறுவனம் அல்ல. தினமும் காலையில் அந்தத் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: "உங்கள் படத்தில் ஒரு கை அதிகமாக உள்ளது. நீக்கிவிடலாமா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று "ஆம்". மற்றது "பிறகு". வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை. எதையும் அழுத்தாமல் விட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்களாம்.

அதனால் அண்ணன் காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பணிமனைக்குக் கிளம்பும் முன் ஹாலுக்கு வந்து "பிறகு" என்பதை அழுத்துகிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பல வருஷமாகப் பேசாமல் இருந்த தம்பி, ஏதாவது ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் தினமும் அவரைக் கூப்பிடுகிறார்.

"அழுத்திட்டியா அண்ணே?"

"அழுத்திட்டேன்டா. உன் கை இருக்கு."